இன்று நீங்கள் சேமித்தது

எங்கள் வீட்டில் சிக்கனத்துக்கென்று தனி இலாகா உண்டு. அமைச்சர், செயலாளர், தணிக்கையாளர் மூன்று பதவியும் என் வீட்டுக்காரரிடம்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தானே தனக்குப் போட்டுக்கொண்ட நியமன உத்தரவு அது. பதவியேற்ற கையோடு ஒரு கொள்கை முடிவு வந்தது. பேர்போன கம்பெனிச் சாமான் எதுவும் இனி வீட்டுப் படியேறக் கூடாது. சூப்பர் மார்க்கெட்காரர் தன் பெயரைப் போட்டு விற்கிறாரே, அந்தப் பருப்பு, அந்த உப்பு, அந்தச் சோப்புதான்.

"டிவியில வந்து ஆடறவங்களுக்கெல்லாம் நாம எதுக்குச் சம்பளம் குடுக்கோணும்?" என்றார்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிப் பாக்கெட் ஒன்று நம் கைக்கு வருவதற்குள் விளம்பரச் செலவு, ஏஜென்ட், ஸ்டாக்கிஸ்ட், கடைக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கிள்ளு கிள்ளிவிடுகிறார்கள். கடையின் சொந்தச் சரக்குக்கு அந்தச் செலவில் பாதி கிடையாது. அலமாரி அவருடையது, ஆள் அவருடையவர். தயாரிப்பது மட்டும் பெரும்பாலும் வேறொருவர். பாக்கெட்டைத் திருப்பினால் 'தயாரித்தவர்' என்று ஒரு விலாசமும் 'விற்பனை செய்பவர்' என்று இன்னொரு விலாசமும் இருக்கும். உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தான். பிரான்சில் கார்ஃபூர் 1976இல் பிராண்ட் பெயரே போடாத 50 பொருள்களை விற்பனைக்கு வைத்தது. ஜப்பானில் முஜி 1980இல் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மலிவுச் சரக்காக 40 பொருள்களோடு பிறந்தது. இன்று அந்த முஜி கடைக்குள் நுழைய என் வீட்டுக்காரருக்கு இலாகா அனுமதி கிடைக்காது.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடி நம் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சிதான். மூட்டையைப் பிரித்து, நிறுத்து, தினத்தாளில் பொட்டலம் கட்டி, சணல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுத்துக் கொடுப்பார். பருப்பு, மிளகு, சீரகம் எல்லாமே அவருடைய சொந்த பிராண்ட். லேபிள் கிடையாது, அவர் முகம்தான் லேபிள். பருப்பில் கல் இருந்தால் மறுநாள் அந்த முகத்துக்கு நேரே போய்க் கேட்கலாம். இப்போது கேட்பதற்கு வாடிக்கையாளர் சேவை எண் இருக்கிறது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.

இந்த மலிவில் எனக்கு முதலில் உறுத்தியது எம்.ஆர்.பி. கம்பெனிச் சாமானுக்கு எம்.ஆர்.பி. போடுவது கம்பெனி, அதில் தள்ளுபடி கொடுப்பது கடை. சொந்தச் சரக்குக்கோ இரண்டையும் ஒருவரே முடிவு செய்கிறார். எம்.ஆர்.பி. 180 என்று அச்சடித்து, அதை அடித்துவிட்டு, 'நம் விலை 112' என்று சிவப்பில் எழுதுகிறார். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஒருவரே தாம்பூலத் தட்டை நீட்டிக்கொள்கிற கல்யாணம் இது. அந்த 180க்கு அதை யாராவது என்றைக்காவது வாங்கியிருப்பார்களா? "68 ரூபாய் லாபம்" என்று என் வீட்டுக்காரர் தன் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அந்த நோட்டில் ஏறாத இன்னொன்று எடை. பிஸ்கட், டீத்தூள், எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் கட்டி விற்க வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளில் முன்பு ஒரு பட்டியல் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 850 கிராம் எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று, லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் அப்பாவியாக நிற்கிறது. லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். விலை குறைவாகத்தான் தெரியும், தெரியாமல் என்ன? இதற்கு மாற்று மருந்தாகப் பாக்கெட்டிலேயே அலகு விலை போடச் சொல்லியிருக்கிறது சட்டம். நல்ல சட்டம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு, கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்கு எவ்வளவு. அதாவது அரைக்கிலோ பாக்கெட் கிராமுக்கு 0.17 ரூபாய் என்று சொல்லும். இரண்டு கிலோ பாக்கெட் கிலோவுக்கு 160 என்று சொல்லும். எது மலிவு என்று அங்கேயே ஆயிரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் எறும்பு படிக்கிற எழுத்தில். இவர் பூதக்கண்ணாடியோடு போகிறார். வழியை அடைத்துக்கொண்டு நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்புவதைப் பார்த்து, ஒரு தடவை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துக் கடை மேனேஜர் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஜூஸையும் இவர் லாபக் கணக்கில்தான் எழுதினார்.

சரி, சரக்குக்கு வருவோம். சர்க்கரை, ரவை, கடலைப்பருப்பு, வெல்லம் இவற்றில் சொந்த பிராண்டுக்கு நான் கட்சி மாறிவிட்டேன். ரவை ரவைதான், அதற்கு நடிகை தேவையில்லை. துவரம்பருப்பு கூடப் பழுதில்லை. கல் இல்லை, வண்டு இல்லை, பழைய பருப்பு கேட்ட விசிலையே இதுவும் கேட்கிறது. இங்கே மிச்சமாவது உண்மையான காசு.

உளுந்தில்தான் இலாகாவுக்கும் எனக்கும் முதல் சட்டசபை ரகளை. பாக்கெட்டில் கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும். எவ்வளவு மாவு காணும் என்று போட்டிருக்காது. நல்ல உளுந்து கிரைண்டரில் தண்ணீர் தெளிக்கத் தெளிக்கப் பொங்கி, குழவியை மூடிக்கொண்டு மேலே வரும். இந்த மலிவு உளுந்து அரை மணி நேரம் ஓடியும் அடியில் வழவழவென்று கிடந்தது. இட்லிக்குக் காணவில்லை என்று இன்னொரு கைப்பிடி ஊறப்போட்டேன். அந்தக் கைப்பிடி, கூட ஓடிய கரண்ட், மறுநாள் கல்லாகிப்போன இட்லியை உதிர்த்து உப்புமா தாளித்த எண்ணெய், எதற்கும் நோட்டில் பத்தி கிடையாது. "ஏனுங்க, இதை எங்க எழுதறது?" என்று கேட்டேன். "இதர செலவுகள்" என்றார்.

காபிக் கதை இதைவிடப் பெரியது. ருசியெல்லாம் மனசில்தான் இருக்கிறது என்பது இவர் சித்தாந்தம். அதை நிரூபிக்க, சொந்த பிராண்ட் காபித்தூளை எனக்குத் தெரியாமல் பழைய டப்பாவில் கொட்டி வைத்துவிட்டார். ஃபில்டரில் டிகாக்‌ஷன் கன்னங்கரேலென்று கெட்டியாக இறங்கியது. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மணம் மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து என் நாத்தனார் வந்திருந்தார். இரண்டு வாய் குடித்தார், டம்ளரை டவராவில் வைத்தார். "ஏந்தம்பி, காப்பித்தூளு தீந்துபோச்சுன்னா ஒரு போன் பண்றதுதானே? வர்ற வழியில வாங்கியாந்திருப்பேனே" என்றார். இவர் வாயே திறக்கவில்லை. அக்கா முன்னால் இலாகா எப்போதும் அப்படித்தான்.

பாக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காபி 53 சதவீதம், சிக்கரி 47. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்தப் பெரும்பான்மை ஆட்சி அமைக்கப் போதும், டம்ளருக்குப் போதாது. பாக்கெட்டில் உள்ள காபிக்கு மட்டும் விலை போட்டுப் பார்த்தால் பழைய தூளின் கணக்குக்கே கிட்ட வந்து நிற்கிறது. ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: பெரிய பெயருள்ள கம்பெனிகளும் இதே விகிதத்தில் விற்கின்றன. பெயர் முன்பக்கத்தில் இருக்கிறது, விகிதம் பின்பக்கத்தில் இருக்கிறது. பெருங்காயமும் அப்படித்தான். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் மாவு வந்தால் நீங்கள் வாங்கியது வாசனை போட்ட மாவு.

குளியல் சோப்பிலும் ஒரு எண் இருக்கிறது: மொத்தக் கொழுப்புப் பொருள், டி.எஃப்.எம். என்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதத்துக்குக் குறையாவிட்டால் முதல் கிரேடு, 70 இரண்டாவது, 60 மூன்றாவது. அதற்கும் கீழே 'பேதிங் பார்' என்று ஒரு வகுப்பு உண்டு. இவர் வாங்கி வந்த நாலு கட்டிச் சோப்பு அந்த வகுப்பு. சோப்புப் பெட்டியில் கொழகொழவென்று உட்கார்ந்து, எடுக்கப் போனால் விரலோடு வரும். குளிப்பதற்குப் பாதி, சாக்கடைக்குப் பாதி. தேய்ந்த துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் காப்பாற்றுகிற எங்கள் பரம்பரை வித்தையும் அதனிடம் பலிக்கவில்லை. ஒட்டுவதற்குத் துண்டு மிஞ்சினால்தானே?

அரிசி தனிக் கதை. 2022 ஜூலையில் 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே தமிழ்நாட்டு அரிசி மூட்டை 26 கிலோவாகிவிட்டது. கடையின் பெயர் போட்ட ஐந்து கிலோ அரிசிப் பைக்கு வரி உண்டு, அண்ணாச்சியின் 26 கிலோ சிப்பத்துக்கு இல்லை. கொள்கையையே தளர்த்தி இவர் சிப்பம் வாங்கினார். மாடிக்கு அதைத் தூக்கிவந்த பையனுக்குக் கொடுத்ததும் இதர செலவுகள்தான்.

உண்மையான சிக்கனம் வேண்டுமென்றால் ரேஷன் கடை இருக்கிறதே என்றேன். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. எந்த சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. "க்யூவுல யாரு நிக்கறது?" என்றார், ஏ.சி. கடையில் ஒன்றரை மணி நேரம் பூதக்கண்ணாடி பிடிக்கிறவர்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கடைக்காரரின் சாமர்த்தியமே இருக்கிறது. பருப்பில் 14 ரூபாய் மிச்சமானது என்ற தெம்பில் தள்ளுவண்டி தானாக பிஸ்கட் பக்கம் திரும்புகிறது. மலிவாக இருக்கிறதே என்று சொந்த பிராண்ட் முந்திரி குக்கி, சொந்த பிராண்ட் அறை வாசனை, நாலு வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற பிளாஸ்டிக் டப்பா. அண்ணாச்சி கடையில் கேட்டதைத்தான் கொடுப்பார். இங்கே கேட்காததெல்லாம் கை நீட்டுகிறது. பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் வரும்: 'இன்று நீங்கள் சேமித்தது ரூ. 412'. எதிலிருந்து சேமித்தோம்? அவர்களே போட்ட எம்.ஆர்.பி.யிலிருந்து. இவர் அந்தப் பில்லை எல்லாம் கிளிப் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். பில் அடிக்கிற தாள் சூட்டில் எழுத்து விழுகிற ரகம். நாலு மாதத்தில் மங்கி, கோடைக்குள் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. "அத்தனையும் சேமிச்சமே, அந்தப் பணம் எங்கீங்க?" என்று கேட்டேன். டப்பா அடுக்கைக் காட்டினார்.

கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிலோவுக்கு எவ்வளவு என்பதை எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே கணக்கில், அலமாரி விளிம்பில், கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரிகிற அளவில் ஒட்டி வையுங்கள். உங்கள் சரக்கு மலிவு என்றால் அது தானாகவே தெரிந்துவிடும். வழியும் அடைபடாது, ஜூஸும் மிச்சம்.