திராட்சைக் கொட்டையும் எம் பேத்தி மூஞ்சியும்

வா தாயி, வெயில்ல நிக்காம திண்ணைக்கு ஏறி வா. கையில என்னா சீசா, மருந்தா? எங் கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே படி. என்னாது, திராட்சைக் கொட்டை எண்ணெயா? மூஞ்சி கழுவவா? இத்தாலியிலருந்து வந்துருக்கா? இல்ல இல்ல, நான் சிரிக்கல. பொகையிலை பொரையேறிருச்சு.

எனக்கு ஒரு சந்தேகம், படிச்ச புள்ள நீ தீத்து வையி. சின்னமனூரு தாண்டிக் கம்பம் வர்ற வரைக்கும் பஸ்ஸுல ஜன்னலோரம்தான உக்காந்து வந்த? ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பந்தல் பந்தலா தொங்குச்சே, அது என்னா, பாவக்காயா? பன்னீர் திராட்சை தாயி. 2023ல அதுக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாக. அந்தப் பழத்துக்குள்ள என்னா இருக்கும்? கொட்டை இருக்கும். நீ பாவாடை கட்டுன வயசுல, இதே திண்ணையில குத்தவச்சு, துப்புற கொட்டை எந்தூரம் போகுதுன்னு ஒந்தம்பிகூட பந்தயம் விட்டவதான? டவுனுக்காரன் இன்னமும் அந்தக் கொட்டைக்குத்தான் மூஞ்சியச் சுளிக்கிறான். கொட்டையில்லாப் பழம் இருக்கான்னு கேட்டு வாங்குறான். அதே ஆளு அதே கொட்டைய எண்ணெயா வாங்கி, சுளிச்ச மூஞ்சியில தடவிக்கிறான். இத்தாலிக்காரன் வெவரமானவன். வைனுக்குச் சாறு புழிஞ்சது போக மிஞ்சுன சக்கையில கெடக்குற கொட்டைய அவன் துப்பல, அதையும் புழிஞ்சான். புழிஞ்சத ஒனக்கு வித்துட்டான்.

சீமைச் சரக்குன்னு பரிகாசம் பண்றேன்னு நெனைக்காத. அந்தத் திராட்சையே சீமைச் சரக்குதான். 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்ததா சொல்றாக. ரகத்துக்குப் பேரு மஸ்கட் ஹாம்பர்க்காம். இங்கிட்டு ஆனைமலையன்பட்டியில திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய்க் கேட்டுப் பாரு. வந்த எடத்துல வேரு விட்டா அது நம்ம சரக்கு. ஒங்கப்பத்தாவும் அப்பிடித்தான், கூடலூர்லருந்து வந்தவ.

அப்ப நாமளே கொட்டையப் புழிஞ்சுறலாமேன்னு கெளம்பிறாத. திராட்சைக் கொட்டையில நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பங்குதான் எண்ணெய். எள்ளுல பாத்தா ஏறக்கொறையப் பாதிக்குப் பாதி. ஒங்கப்பன் தோட்டத்துப் பழம் பூராத்தையும் தின்னு துப்புனாலும் ஒனக்கு மாசத்துக்குக் காணாது; எங்களுக்கு வயிறு போயிரும். அந்த ஆசைய விட்டுட்டு அடுப்படிக்குப் போ. வேண்டியது அங்கயே இருக்கு.

எண்ணெய் எப்பிடி மூஞ்சியக் கழுவும்னு நீ கேக்கணும், கேக்க மாட்டேங்குற. சீசாவுல எழுதியிருந்தா நம்பிருவ. எங்கூருப் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் வப்பாக. பெரும்பாலும் வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகளோடது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா வெடியக் கருக்கல்லதான் முடியும். முன்னாடி உக்காந்து பாக்குறவனுக்குப் பாதி நாடகந்தான். மிச்சப் பாதி கொட்டகைக்குப் பின்னாடி நடக்கும். விடிஞ்சதும் ராஜபார்ட்டு தகரப் பெட்டி மேல காலத் தொங்கப்போட்டு உக்காருவாரு. உள்ளங்கையில தேங்கா எண்ணெய ஊத்துவாரு. ஒரு சொட்டுத் தண்ணி தொட மாட்டாரு, காஞ்ச மூஞ்சியில அப்பிடியே தேய்ப்பாரு. மொதல்ல கன்னத்து ரோஸு கொழையும், பெறகு புருவத்து மை எறங்கி வந்து அதோட சேரும், மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒட்டுன மீசைப் பசை எளகும். எல்லாம் சேந்து செம்மண்ணுக் கரைசலாகி வழியுறப்ப, கிழிஞ்ச வேட்டித் துண்டால நெத்தியிலருந்து தாடைக்கு ஒரு இழுப்பு இழுப்பாரு. ராத்திரி பூராம் முருகனா நின்ன ஆளு, அந்த ஒரு இழுப்புல கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய மனுசனாயிருவாரு. அதுக்குப் பெறகுதான் சோப்பும் தண்ணியும். எண்ணெயோட யாரும் படுக்கப் போறதில்ல. அத நல்லா மனசுல வச்சுக்க.

சூச்சுமம் அம்புட்டுத்தான். எண்ணெயில கொழைச்சதை எண்ணெய்தான் கரைக்கும். நீ பூசுற வெயில் கிரீமு, ஒதட்டுச் சாயம், ஒந்தோலு தானா விடுற பிசுக்கு, அதுமேல ஆடிக் காத்து அள்ளிப் போடுற புழுதி, எல்லாம் இந்த வகையறாதான். வெறுந்தண்ணிய ஊத்துனா மேலோட ஓடிரும்.

நேத்து செல்போன்ல நீதான் படிச்சுக் காமிச்ச, ரோமாபுரியில கேலன்னு ஒரு வைத்தியரு ரெண்டாம் நூற்றாண்டுலயே தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் பன்னீரும் கொழைச்சுக் குடுத்தாருன்னு. ஜப்பான்ல 1967ல மூஞ்சி கழுவுற எண்ணெயக் கடைக்குக் கொண்டாந்த ஷூ உவெமுரா, சினிமாக்காரகளுக்கு ஒப்பனை போட்ட ஆளு. பாத்தியா, அங்கயும் அரிதாரக்காரருதான் கண்டுக்கிட்டுருக்காரு. இப்ப விக்கிற கழுவெண்ணெய்ல கம்பெனிக்காரக செஞ்ச கெட்டிக்காரத்தனம், எண்ணெயும் தண்ணியும் சேர்றதுக்கு ஒரு பொருளக் கலந்துருக்காக. தண்ணி பட்டதும் வெளுத்துக் கழண்டு போயிரும். நம்ம வீட்டு எண்ணெய்ல அது கெடையாது. அந்தச் சோலியப் பாசிப்பயறு மாவு பாத்துக்கும்.

இப்பச் சொல்றேன், எழுதிக்க. போன்லயே எழுதிக்க, எனக்கொண்ணும் வருத்தமில்ல. அம்பது மில்லிக்கு மேல கலக்காத. பத்து மில்லி வெளக்கெண்ணெய், நாப்பது மில்லி நல்லெண்ணெய். மூஞ்சி எண்ணெய் வழியுற வாகா இருந்தா ஒண்ணுக்கு மூணுன்னு கலந்துக்க. காஞ்சு வெடிக்கிற மூஞ்சின்னா ஒண்ணுக்கு ஒம்பது. வெளக்கெண்ணெய் பிசுபிசுன்னு இழுத்துப் புடிக்கிற சாதி. கூடிருச்சுன்னா மூஞ்சியில ஈ ஒக்காந்தாலும் எந்திரிக்காது. நல்லா காஞ்ச கண்ணாடிச் சீசாவுல ஊத்தி, வெயில் படாம வையி. உள்ள ஒரு சொட்டு ஈரம் கூடாது. மோந்து பாக்குறப்ப சிக்கு வாடை அடிச்சுதா, காசப் பாக்காத, கீழ ஊத்து.

நல்லெண்ணெய செக்குல வாங்கு. அங்கயும் கண்ணத் தொறந்து வாங்கு. வாகை மரச் செக்குன்னு போர்டு இருக்கும், படத்துல மாடு நிக்கும், உள்ள போனா மோட்டாருதான் சுத்தும். அது குத்தமில்ல, மாடாவது ஓய்வெடுக்கட்டும். எள்ளு ஆட்டுறப்ப கருப்பட்டி போடுவாக. அதனால வந்த கையோட மூஞ்சியில தேய்க்காத. வெயில்ல ரெண்டு மூணு நாளு வச்சுக் கசடு அடியில தங்குனதும் தெளிஞ்சத மட்டும் வடிச்சு எடு. இன்னொண்ணு, கடையில குத்துவெளக்குப் படம் போட்டுத் தீப எண்ணெய்னு ஒண்ணு விப்பாக. வெலை கம்மியா இருக்கேன்னு அதை எடுத்துட்டு வந்துறாத. அது கலப்பு எண்ணெய், திரிக்குன்னே பண்றது. சாமி மூஞ்சிக்குப் பரு வராது, ஒனக்கு வரும்.

வெளக்கெண்ணெய வீட்ல எறக்குறேன்னு நிக்காத. ஒங்கப்பத்தா அந்தக் காலத்துல வரப்போரத்து ஆமணக்குக் கொட்டைய வறுத்து, இடிச்சு, தண்ணியில கொதிக்க விட்டு, மேல மெதக்குறத அகப்பையால வழிச்சு எடுத்தா. அவளுக்குக் கை பழக்கம். நீ மிக்ஸியில போட்டு அரைப்ப. அந்தக் கொட்டையில ரிசின்னு ஒரு வெசம் இருக்கு தாயி. மென்னு தின்னா ஆளையே சாச்சுப்புடும். எண்ணெய்க்குள்ள அது வர்றதில்ல, பிண்ணாக்குல தங்கிக்கும். அதனாலதான் எள்ளுப் பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகுது, ஆமணக்குப் பிண்ணாக்கு வயக்காட்டுக்கு எருவாப் போகுது. நம்ம மாட்டுக்கு அது தெரியும்.

தேங்கா எண்ணெய் ஆகாதான்னு கேப்ப. ராஜபார்ட்டுக்கு ஆச்சு, ஒனக்கு ஆகுமான்னு ஒந்தோலுதான் சொல்லணும். பருவு கெளம்புற மூஞ்சிக்கு அது துவாரத்த அடைச்சுப்புடும், வேணாம். அந்த எண்ணெயப் பத்தி டீக்கடைப் பேப்பர்ல ஒரு வழக்கு படிச்சேன். சின்னப் பாட்டில்ல அடைச்சா அது சாப்புடுற எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயான்னு வரிக்காரகளுக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் வருசக்கணக்கா மல்லு. 2018ல சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு நீதிபதிக ஆளுக்கொரு பக்கமா எழுதிட்டாக. 2024 டிசம்பர்ல மூணு பேரு ஒக்காந்து, சமையல் எண்ணெய்தான்னு முடிச்சாக. வாய்க்கா தலைக்கான்னு தீக்கவே அம்புட்டு நாளு. நடுவுல கெடக்குற மூஞ்சிய ஒருத்தரும் வழக்குல சேக்கல.

தேய்க்கிற வெதம் கேட்டுக்க. கையும் காஞ்சிருக்கணும், மூஞ்சியும் காஞ்சிருக்கணும். ரெண்டு ரூவாத் துட்டளவு உள்ளங்கையில ஊத்தி, ரெண்டு கையையும் ஒரசிச் சூடேத்தி, பைய வட்டம் வட்டமாத் தேய்யி. பாத்திரம் வெளக்குற வேகமெல்லாம் வேணாம். ஒரு நிமிசம் போதும். கண்ணுக்குள்ள விட்டுறாத. பெறகு வெதுவெதுப்பான தண்ணியில துணிய நனைச்சுப் புழிஞ்சு, மூஞ்சி மேல போட்டு ஆறுற மட்டும் விட்டுத் தொடை. கொதிக்கிற தண்ணின்னா தோலு வெந்துபோயி, இயற்கை வைத்தியம்னு ஆசுபத்திரிக்குப் போவ. கடைசியா ஒரு கரண்டி பாசிப்பயறு மாவக் கொழைச்சுப் பூசிக் கழுவு. நைசா சலிச்ச மாவா இருக்கட்டும். நறநறன்னு இருந்தா சொரண்டிப்புடும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அங்கிட்டு, உசிலம்பட்டிப் பக்கம், உசிலை எலைய இடிச்ச அரப்பு கெடைக்கும். அதத் தலையோட நிறுத்திக்க. மூஞ்சியக் காய வச்சிரும்.

எந்த எண்ணெயா இருந்தாலும் மொதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு தடவி, ரெண்டு நாளு சும்மா இரு. அரிச்சாலோ செவந்தாலோ அத்தோட விட்டுரு. கல்யாண வீட்டுக்கு மொத நாளு சோதனை பண்ணிப் பாக்குற புத்தி இந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வந்துச்சோ. பருவு பழுத்துச் சீழ் வச்சிருந்தா எண்ணெயும் வேணாம் என் பேச்சும் வேணாம், தோல் டாக்டரப் போய்ப் பாரு.

வாசத்துக்குப் போடி ஏலக்காய்த் தைலம் நாலு சொட்டு விடலாமான்னு கேப்ப. ஏலக்கா பாயசத்துக்கு. தைலம்னு எறக்குனது எல்லாம் காரம். மூஞ்சியில பட்டா எரியும். எலுமிச்சம்பழச் சாறும் அப்பிடித்தான். அதத் தடவிக்கிட்டு வெயில்ல போனா கருந்திட்டு விழுகும். இயற்கைன்னா எல்லாம் இதமா? காஞ்சொறியும் இயற்கைதான், தடவிப் பாரேன்.

டேய், நீ என்னாடா அக்கா பின்னாடி சீசாவத் தூக்கிக்கிட்டு நிக்கிற? எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னாத்துக்குக் காயுது? மீசை மொளைக்காத மூஞ்சிக்கு எண்ணெய் எதுக்கு? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு. சரி, ஒனக்கும் ஒரு சொட்டு, முழங்கையில மட்டும்.

அப்பறம் அந்தத் துணி சமாச்சாரம். எண்ணெய் தொடைச்ச துணிய அன்னன்னைக்கே சோப்புப் போட்டு வெந்நீல அலசி வெயில்ல காயப்போடணும். ஈரத்தோட சுருட்டி வச்சு மறுநாளும் அதையே மூஞ்சியில போட்டேன்னு வையி, எண்ணெய் எடுத்த அழுக்கத் துணி திருப்பிக் குடுத்துரும். அதனால மாத்தி மாத்தி வச்சுக்க மூணு துணியாவது வேணும், பழசா மெத்துன்னு இருக்கணும். அதுக்காக ஒங்கப்பத்தாகிட்டப் போயி நிக்காத, அவ சேலையத் தொட்டா சும்மா விடமாட்டா. நேத்துக் கொடியில காயப்போட்ட எம் பழைய வேட்டி ஒண்ணு இன்னைக்கு முக்கா வேட்டியா இருக்கு. நாடகக்காரவுக யாரும் இந்தப் பக்கம் வந்துட்டுப் போகலையே தாயி?