டிசம்பர் 3-க்கு ஆள் பிடிக்கிறோம்

உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்துவிட்டால் மாவட்டத் தலைநகரங்களில் கருணைக்குப் பஞ்சமே இல்லை. காலை எட்டு மணிக்கே மூன்று சக்கர வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பயனாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். மாண்புமிகு பதினொன்றரைக்கு வருவார். அதுவரை வெயிலில் காய்வதும் நலத்திட்டத்தில் அடக்கம். மேடைக்குப் படி உண்டு, சாய்தளம் கிடையாது. மேடையேற வேண்டியவர் அமைச்சர்தானே, அவருக்குக் கால்கள் நன்றாக இருக்கின்றன! ஒரே சாவியை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். வண்டிக்கு உரியவரின் முகத்தில் பாதியை யாரோ ஒருவரின் சால்வை மறைத்திருக்கும்.

வாங்கிக்கொள்வது ஒரு வேடம். நாம் ஒதுக்கியிருக்கும் இன்னொரு வேடம் பதக்கம். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். தலையில் தூக்கிவைத்து ஆடினோம், தகும். ஆனால் 1.89 மீட்டர் தாண்டினால்தான் மனிதராக மதிப்போம் என்றால், மாடியில் இருக்கும் தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்து கீழேயே நிற்கிறவர் என்ன செய்வார்? "நீங்க இங்கயே இருங்க சார், நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்கிறார் காவலாளி. அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் வெட்கம் இருக்கிறது.

சாய்தளம் உள்ள இடத்தின் கதை வேறு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நம் ஒப்பந்ததாரருக்கு நாலடியே தாராளம். சக்கர நாற்காலியை அதில் விட்டால் நேரே சாக்கடையில்தான் நிற்கும். பரவாயில்லை, இறங்கும் ஆபத்தே வராதபடி ஏறும் வாயை மறித்து யாரோ புல்லட்டை நிறுத்தியிருப்பார்கள். அணுகல் வசதிகளைப் பரிந்துரையாக விட்டுவைக்காமல் கட்டாய விதியாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு மூன்று மாதக் கெடு வைத்தது. புல்லட்டுக்கு அந்தத் தீர்ப்பை யாரும் படித்துக் காட்டவில்லை போலும்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு. அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை கிடைக்காத ஏழைக்கு ஒன்றிய அரசு தன் பங்காகத் தரும் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய், அதுவும் 80 விழுக்காடு குறைபாடு இருந்தால். 79 உள்ளவர் இன்னும் கொஞ்சம் முயல வேண்டும்.

அரசை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. மகனின் பிறந்தநாளுக்குச் சிறப்புக் குழந்தைகள் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுகிறோம். வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் நம் பையனுக்கு வாழ்த்துப் பாட வேண்டும், அதன் பிறகுதான் இலையில் சோறு. அவர்களில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளாவது நமக்குத் தெரியுமா? மாலையில் நம் வீட்டில் கேக் வெட்டும்போது அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டிருக்கிறோமா? சாப்பாடு அங்கே, விருந்து இங்கே.

2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு சொற்பொழிவாளர், ஊனம் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகளுக்குப் போதித்தார். எழுந்து தட்டிக்கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர். உடனே ஊரெல்லாம் "பாவம், மனசு புண்பட்டிருக்கும்" என்றது. புண்பட்டதால் மட்டுமா எழுந்தார்? தம் மாணவிகள் காதில் யாரோ பொய்யை ஊற்றுவதைத் தடுப்பது ஆசிரியர் வேலை. அன்று அந்த வேலையைச் செய்தவருக்கு நாம் கொடுத்த சம்பளம் அனுதாபம்.

பதக்கமும் வேண்டாம், பாவமும் வேண்டாம். சுமாராக வேலை பார்க்கிற குமாஸ்தாவாக, வாடகைக்குப் பேரம் பேசுகிற குடித்தனக்காரராக, கல்யாணப் பந்தியில் ரசம் சரியில்லை என்று சண்டை போடுகிற பெரியப்பாவாக இருக்க மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிமை உண்டு. உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அடுத்த தேர்தல் வரும்போது, சக்கர நாற்காலியில் வரும் அந்தக் கீழ்வீட்டுக்காரரைப் பொருளாளராக்குங்கள். கூட்டத்தை மொட்டை மாடியில் வைக்காதீர்கள். கணக்கு இடித்தால், மற்றவரைக் கேட்பதுபோலவே அவரையும் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள்.