எலிப்பொறியும் கணக்கப்பிள்ளையும்

ஏலே தம்பி, இங்க வா. ஆபீஸ்ல இருந்து தகவல் வெளிய போகாமப் பாக்குற பொறுப்ப ஒங்கிட்டக் குடுத்திருக்காங்களாமே! அதான் நடையே மாறியிருக்கு. வாசல்ல விரல் ரேகை, மூலைக்கு மூலை கேமரா, கழுத்துல ஆளுக்கொரு அட்டை. மூணு மாசத்துக்கு ஒருக்க பாஸ்வேர்ட மாத்தணும்னு உத்தரவு வேற. மாத்துனத எங்க எழுதி வைக்கான்? கீபோர்டுக்கு அடியில, துண்டுச் சீட்டுல! நீ பாத்திருக்க மாட்டே. கூட்டிப் பெருக்க வார ஆச்சி பாத்திருப்பா.

நெல்லுக் குதிருக்கு எலிப்பொறி வச்சவன், அளந்து போடுத கணக்கப்பிள்ளை மடியப் பாக்கலையாம். நீயும் அப்படித்தான் நிக்க.

இங்கிலாந்துல மாரிசன்ஸ்னு பெரிய கடைக் கம்பெனி இருக்குல்லா? 2014-ல அங்க வேலை பாத்த சுமார் 1 லட்சம் பேரோட சம்பளம், பேங்க் கணக்கு எல்லாம் இன்டர்நெட்டுக்கு வந்துட்டு. எடுத்தது யாரு? ராத்திரி கன்னம் வச்சவனா? கம்பெனியோட உள் தணிக்கைக்காரம்லே! அடுத்தவன் தப்பக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். வெளி ஆடிட்டருக்கு அனுப்பச் சொல்லி மொத்தத்தையும் அவங்கிட்டக் குடுத்தாங்க. அவன் பென்டிரைவுல தனக்கும் ஒரு நகல் எடுத்துக்கிட்டான்.

ஏன் எடுத்தான்? ஆபீஸ் தபால் அறையச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துனான்னு முன்னால அவன் மேல நடவடிக்கை எடுத்திருந்தாங்க. ஆளு கறுவிக்கிட்டே இருந்திருக்கான். 2015-ல 8 வருசம் ஜெயில் குடுத்தாங்க. கம்பெனி முன்னால கண்டிச்சது சரி. கண்டிப்பு வாங்குனவன் கையிலயே ஊர்ச் சம்பளத்தத் தூக்கிக் குடுக்கலாமா? இந்த ஆளு மொகம் கொஞ்ச நாளா சரியில்லையேன்னு எந்தச் சாப்ட்வேர் வந்து ஒனக்குச் சொல்லும்? ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசிப் பாத்தா ஒனக்கே தெரியும்லா?

எல்லாரும் கள்ளனும் இல்ல, கேட்டியா. அதே நாட்டு வரி இலாகா, 2007. சுமார் 2.5 கோடிப் பேர் விவரத்த 2 சிடியில போட்டு, பதிவு கூடப் பண்ணாம அனுப்பிட்டாங்க. போய்ச் சேரவே இல்ல. கூத்து என்ன தெரியுமா? கணக்குத் தணிக்கைக்காரங்க பேங்க் விவரம் இல்லாமத்தான் கேட்டிருந்தாங்க. பிரிச்செடுக்கச் செலவாகுமாம், அதான் மொத்தத்தையும் அள்ளிப் போட்டாச்சு. சிக்கனம்லே!

இன்னொண்ணு அமெரிக்காவுல. கேஷ் ஆப்னு பணம் அனுப்புத கம்பெனியில வேலைய விட்டுப் போன ஆளு ஒருத்தன், போன பொறவு, 2021 டிசம்பர்ல, வாடிக்கையாளர் விவரம் இருந்த அறிக்கைகள எடுத்துக்கிட்டான். அடுத்த வருசம் கம்பெனி 82 லட்சம் பேருக்குச் சேதி சொல்லி அனுப்ப வேண்டியதாச்சு. கேக் வெட்டி வழியனுப்புனாங்களோ என்னமோ, உள்ள வார வழிய அடைக்க மறந்துட்டாங்க.

இதுக்கெல்லாம் கோடி ரூவா மெஷினா வேணும்? வேலைக்கு எது வேணுமோ அத மட்டும் குடு. போறவன் வாசல் தாண்டுமுன்ன அவன் கணக்க மூடு. பெரிய முதலாளி கேட்டாலும் அதே சட்டத்தச் சொல்லு. அங்கதான் ஒனக்கு நாக்கு ஒட்டிக்கிடும், தெரியும். "ஐயா, மெயில ஆள் மாத்தி அனுப்பிட்டேன்"னு எவனாவது ஓடி வந்தா, அவன ஏசாத. ஏசுனேன்னு வையி, அடுத்தவன் மறைச்சிருவான். நம்ம நாட்டுலயும் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல சட்டம் வந்துட்டு. பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி ரூவா வரைக்கும் அபராதம். மறைச்சு வைக்கிற சமாச்சாரமா அது?

என்னலே மொறைக்க? ஒன் பாஸ்வேர்டு என்னன்னு நான் கேக்க மாட்டேன். ஒன் மவ பேரும், அவ பொறந்த வருசமும் எனக்குத் தெரியும்லா!