முன் அனுமதி பெற்று வரவும்

1998-இல் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வேலைக்குப் போகாத பெண்ணுக்கு ஒரே ஒரு கெட்ட பெயர்தான்: வீட்டில் சும்மா இருக்கிறாள். விடியுமுன்னே காவேரித் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு எழுந்து, சம்ப் மூடியைத் தூக்கி மட்டம் பார்த்து, மோட்டார் போட்டு, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டு, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மறுநாள் தோசைக்கு மாவாட்டி வைப்பது வரைக்கும் சும்மா. இந்தச் சும்மாவில் காசு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள் இல்லை. அமெரிக்காக்காரர்களும் ஸ்வீடன்காரர்களும்.

ஸ்வீடனிலிருந்து ஓரிஃப்ளேம் 1995-இல் இந்தியாவுக்கு வந்தது. மறு வருஷமே ஏவான், டப்பர்வேர், நம் ஊர் மோடிகேர். 1998-இல் ஆம்வே, 1999-இல் ஹெர்பலைஃப். தாராளமயமாக்கல் என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்த சமாசாரம் எங்கள் தெருவுக்குள் பளபளவென்று கேட்டலாக் வடிவத்தில் வந்து சேர்ந்தது. அதே காலத்தில்தான் பெங்களூரின் கிழக்குப் பக்கத்துப் பெரிய பேக்டரிகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டெலிபோன் பேக்டரியான ஐ.டி.ஐ.யில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். பையப்பனஹள்ளி என்.ஜி.இ.எஃப். 2002-இல் நின்றே போனது. வி.ஆர்.எஸ். வாங்கிய வீட்டுக்காரர் வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்தார். வீட்டம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் செய்வதற்கு ஓய்வு என்று பெயர். அவள் செய்வதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர்.

விற்பதும் வாங்குவதும் எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. சைக்கிள் கேரியரில் புடவை மூட்டையோடு வந்து தவணை அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தரும் ஆள் இருந்தார். பழைய பேன்ட்டுக்கு எவர்சில்வர் கிண்ணம் தரும் அம்மா இருந்தாள். பேரம் பேசலாம், திட்டலாம், ‘இல்ல, போம்மா’ என்று கதவைச் சாத்தலாம். புது வியாபாரத்தின் சாமர்த்தியமே அங்கேதான். விற்க வருகிறவள் உங்கள் பிள்ளையோடு ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் அம்மா. அவள் முகத்துக்கு நேரே எப்படிக் கதவைச் சாத்துவது?

நான் ஆரம்பித்தது டப்பர்வேர் டப்பாவில். அதற்குப் பார்ட்டி என்று பெயர். ஒருத்தி வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்ட வேண்டும், நான் டப்பாக்களைப் பரப்ப வேண்டும், விற்பனையைப் பொறுத்து வீட்டுக்காரிக்கு ஒரு பரிசு. அந்த மூடியைப் போடுவது ஒரு வித்தை. நடுவில் கட்டை விரலால் அழுத்தி, ஓரத்தை நகக்கண் அளவுக்குத் தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். அந்தச் சத்தம் அடங்குமுன் ஓரத்தை அமுக்கிவிட வேண்டும். பிறகு டப்பாவில் தண்ணீர் நிரப்பி, எங்கள் வீட்டு ஓனரம்மாவின் புது சோபாவுக்கு நேர் மேலே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டு விழாது. கூட்டமே ஓனரம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும். அப்புறம் பஜ்ஜி வரும், காபி வரும், விலைப் பட்டியல் வரும், அது வந்ததும் எல்லோருக்கும் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரும். ஒரு டப்பாவின் விலையில் பாத்திரக்கடையில் ஒரு அடுக்கே வாங்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கினார்கள். ஒருத்தி வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் வாங்காமல் எழுந்திருக்க முடியாது. போன மாதம் அவள் வீட்டுப் பார்ட்டிக்கு இவள் வந்திருப்பாள். நான் விற்றது பிளாஸ்டிக் என்று கம்பெனிக் கணக்கில் இருக்கும். முகதாட்சண்யத்தைத் தட்டி எழுப்பி, அதைக் கிலோ கணக்கில் அள்ளிக் கொடுத்தேன் என்பதுதான் தெருக் கணக்கு.

இந்தப் பார்ட்டி முறையைப் பிரபலமாக்கியவர் பிரௌனி வைஸ் என்ற அமெரிக்கப் பெண். விவாகரத்தானவர், மகனைத் தனியாக வளர்த்தவர். கடைகளில் தூங்கிக் கிடந்த ஏர்ல் டப்பரின் டப்பாக்களை டெட்ராய்ட்டில் வீடு வீடாக விற்றுக் காட்டினார். அதைப் பார்த்த டப்பர் 1951-இல் கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு, வீட்டுப் பார்ட்டிகளே போதும் என்று விற்பனைப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்தார். 1954-இல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. கைக்கு வந்தது ஒரு வருஷச் சம்பளம். அதே வருஷம் டப்பர் கம்பெனியை 1.6 கோடி டாலருக்கு விற்றார். இதை எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் சொல்லமாட்டார்கள். நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

டப்பாவில் ஒரு சிக்கல், அது உடையவில்லை. உடையாத பொருளை ஒருத்திக்கு எத்தனை தடவை விற்பது? அப்போதுதான் மூலை வீட்டு அக்கா என்னை சோப்பு, பற்பசை, முகக் க்ரீம் விற்கும் வேறொரு கம்பெனிக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் ஹால், ஏசி. டை கட்டிய ஒருவர் வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டார். நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள், முப்பத்தாறு, பிறகு இருநூற்றுப் பதினாறு. கைதட்டல். வீட்டுக்கு வந்து பிள்ளையின் கணக்கு நோட்டில் மிச்சத்தைப் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பதாவது வரிசையில் ஒரு கோடியைத் தாண்டியது. 2001 கணக்கெடுப்பில் பெங்களூர் மொத்தமும் சேர்த்தே 57 லட்சம்தான். பதின்மூன்றாவது வரிசைக்கு 1,306 கோடிப் பேர் வேண்டும்; உலக ஜனத்தொகை அப்போதுதான் 600 கோடியைத் தொட்டிருந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் சோப்பு விக்கப் போயிட்டா அழுக்குத் துணி யாருடி வெச்சிருப்பா?” என்றார். நான் பெருக்கியதை அவர் பெருக்காமலே சொல்லிவிட்டார். ஆனாலும் சேர்ந்தேன். முதல் வரிசையில் இருப்பவளுக்குப் பதின்மூன்றாவது வரிசையைப் பற்றி என்ன கவலை?

சேர்ந்ததும் முதல் வீட்டுப்பாடம், தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயர் எழுதுவது. நீள நோட்டில் பெயர், வீடு, போன் நம்பர், போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர். ஆயில் மில் ரோடு, கரியணபாளையா, செயின்ட் தாமஸ் டவுன், கம்மனஹள்ளி என்று நோட்டு வளர்ந்தது. ‘உங்கள் நேரம் உங்கள் கையில்’ என்றார்கள். உண்மையில் என் நேரம் ரயில்வே கேட்டின் கையில் இருந்தது. அன்றைக்கு மேம்பாலம் கிடையாது. கேட் போட்டால் அந்தப் பக்கம் ஜீவனஹள்ளியில் எனக்காகக் காத்திருப்பவள் மனசு மாறிவிடுவாள். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும்.

மாதக் கடைசியில் இன்னொரு கூத்து. எடுத்த சரக்குக்குக் கம்பெனி போடும் பாயின்ட் குறிப்பிட்ட அளவை எட்டவில்லை என்றால் அந்த மாதத்து உழைப்பு வீண். எனக்கு மேல் வரிசையில் இருக்கும் அக்கா போன் செய்வார்: “கொஞ்சம்தானேம்மா குறையுது, நீயே எடுத்துக்கோ, வீட்டுக்கு ஆகும்ல?” வீட்டுக்கு ஆயிற்று. ரேஷன் அரிசிச் சோறு தின்றுகொண்டு, வெளிநாட்டுப் பற்பசையில் பல் விளக்கிய குடும்பம் எங்களுடையது. கட்டிலுக்கு அடியில் சோப்பு அட்டைப்பெட்டிகள். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள் கை கழுவுமிடம் பக்கம் ஒதுங்கினார்கள். நாத்தனார் மட்டும் நேராக வந்து, “அண்ணி, நலம் விசாரிக்கிறதுன்னா விசாரிங்க, பை மட்டும் திறக்காதீங்க” என்றாள்.

லாபமே இல்லை என்று சொன்னால் பாவம். என் பெயரில் பேங்க் கணக்கு வந்தது. கமிஷன் செக்கில் டி.டி.எஸ். பிடித்தபோது பான் கார்டு வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்காரரிடம், “எனக்கும் பிடிக்கிறாங்க” என்று சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடைத்தது. அந்தத் திருப்திக்காகவே பிடித்தால் பிடிக்கட்டும் என்று இருந்தேன். அப்புறம் சோப்பை விட்டுவிட்டு, சிவாஜிநகர் போய் அங்கிருந்து மார்க்கெட் பஸ் பிடித்து, சிக்பேட்டையில் நைட்டி கட்டு எடுத்து வந்து விற்றேன். பஸ் டிக்கெட்டும் மூட்டைக்குத் தனியாக வாங்கிய லக்கேஜும் போக ஒரு நைட்டியில் நின்றது காபிச் செலவு. ஆனால் பாயின்ட் கிடையாது, வட்டம் கிடையாது, மேலே அக்கா கிடையாது.

இப்போது அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. ஆள் சேர்ப்பதற்கே காசு தரும் வியாபாரத்தை 1978-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருந்தது. நேரடி விற்பனைக்கென்று தனி விதிகள் 2021 டிசம்பர் 28-இல் வந்தன. சேர்வதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. இவ்வளவு சரக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. எல்லாம் நியாயம். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும் முன் அனுமதி இல்லாமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக்கூடாது, போனதும் தான் யார், எந்தக் கம்பெனி, எதற்காக வந்திருக்கிறார் என்று கேட்காமலே சொல்லிவிட வேண்டும். படித்ததும் எங்கள் மாடி வீட்டு ஆன்ட்டியை நினைத்துக்கொண்டேன். தினம் கருவேப்பிலை கேட்டு நான் ஏறி இறங்கிய படி அது. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, “வணக்கம், நான் கீழ்வீட்டில் குடியிருப்பவள், விற்பனை நோக்கத்தோடு வந்திருக்கிறேன்” என்று சொல்லியிருந்தால், என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, டாக்டருக்குத்தான் போன் போட்டிருப்பார்.

என் மருமகளுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அவள் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. 2016-இல் ஜியோ வந்து நெட் தண்ணீராய் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் இதே பெங்களூரில் இரண்டு ஐ.ஐ.டி. பையன்கள் மீஷோ ஆரம்பித்திருந்தார்கள். 2017-இல் குளோரோடு வந்தது. இரண்டிலும் முறை ஒன்றுதான்: வீட்டிலிருக்கும் பெண் ஆப்பில் புடவைப் படத்தை எடுத்து, தன் லாபத்தைச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது. ஆர்டர் வந்தால் பார்சல் அவள் பெயரிலேயே போய்ச் சேரும். முதல் போடவேண்டாம், மூட்டை தூக்கவேண்டாம், பஜ்ஜி போடவேண்டாம். மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே கே.ஜி.எஃப். சித்திக்குப் புடவை விற்றாள். நானும் அசந்துபோனேன். சித்தியும் கொஞ்சநாளில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டார். “கண்ணு, நீ அனுப்புன அதே புடவை இங்க அறுபது ரூபாய் கம்மியா காட்டுதே?” அதோடு சரி. நாங்கள் லாபத்தை முந்தானையில் முடிந்து மறைத்த காலம் போய், அது எல்லோர் போனிலும் தெரிய ஆரம்பித்துவிட்டது. மீஷோவும் நேராக வாடிக்கையாளருக்கே விற்கப் போய்விட்டது. குளோரோடை 2022-இல் அமேசான் வாங்கிக்கொண்டது. எங்கள் காலத்துக் கம்பெனிகளுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் தேவைப்பட்டார்கள், ஆகவே நாங்கள் தேவைப்பட்டோம். ஆப்புக்குச் சொந்தக்காரர்களின் நம்பர் கிடைத்ததோடு வேலை முடிந்தது.

2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ் இலவசம். சிக்பேட்டைக்குக் காலணா செலவில்லாமல் போய் வரலாம், போவதற்குத்தான் அவசியமில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் கிருஹலட்சுமி வந்தது, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். நான் தலைவி, என் பெயரில் வருகிறது, வரும்போது வருகிறது. நானோ என் வீட்டுக்காரரோ வருமான வரி கட்டினாலும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டாலும் கிடையாது. அதாவது வியாபாரம் பெருத்து ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டால் பணம் நின்றுவிடும். சும்மா இருந்தால் வரும். சும்மாவுக்கு இந்த மதிப்பு 1998-இல் தெரிந்திருந்தால் என் மாமியாரிடம் சொல்லியிருப்பேன்.

டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. கம்பெனி கவிழ்ந்தாலும் டப்பா கவிழவில்லை. மருமகளின் பிரிட்ஜில் இட்லி மாவு அதில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவுக்கென்று இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நான்தான் அட்மின். எல்லோர் நம்பரும் தெரிந்த ஆள் தெருவில் வேறு யாரும் இல்லை. பழைய நீள நோட்டின் புண்ணியம். நைட்டி, கேக், ஊறுகாய், குழந்தைகளுக்கு டியூஷன், தலைமுடி எண்ணெய் என்று காலை மாலை கொட்டத் தொடங்கியதும் ஒரு விதி போட்டேன்: வியாபாரப் பதிவு சனிக்கிழமை மட்டும், ஆளுக்கு ஒன்று, விலை போட்டு. போன வாரம் மருமகள் வியாழக்கிழமையே குர்த்தி படம் போட்டாள். அழித்தேன்.

“அத்தை, நான் உங்க மருமகதானே?”

“அதனாலதான் அழிச்சேன். இல்லேன்னா நாளைக்குத் தெருவே போடும்.”

சனிக்கிழமை போட்டாள். நாலைந்து பேர் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆர்டர் ஒன்றே ஒன்று, பழைய ஓனரம்மாவின் மகளிடமிருந்து. அவளிடமிருந்து எனக்குத் தனியாகவும் ஒரு மெசேஜ் வந்தது: “ஆன்ட்டி, அந்தக் கலர் எனக்கு அவ்ளோ புடிக்கல. உங்க மருமக, எப்படி வேணாம்னு சொல்றது?”