எழுதாத பரீட்சையில் ஃபெயில்

நம் ஊர் ஜோசியர் எவ்வளவு மோசமான ஆளாக இருந்தாலும் ஒரு ஒழுங்கு வைத்திருப்பார். பலன் கேட்டு வந்தவனின் பிறந்த நேரத்தைக் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரன் ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உனக்கு டாக்டர் யோகம் இல்லை தம்பி" என்று சொல்லமாட்டார். 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து அதைத்தான் செய்தது. ஜோசியம் என்றால் கேவலம் என்பதால் அல்காரிதம் என்று பெயர் வைத்துக்கொண்டது.

அங்கே நம் ப்ளஸ் டூ மாதிரி ஏ லெவல். பரீட்சைக்குப் பல மாதம் முன்பே பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிடும், கூடவே ஒரு கொக்கியும் போடும்: இந்தந்தப் பாடத்தில் இந்தந்த கிரேடு வாங்கினால்தான் இடம் உனக்கு. ஓர் எழுத்து சறுக்கினால் அது கைவிட்டுப் போகலாம். எழுதிச் சறுக்கியவன் யாரை நோவது? ஆனால் அந்த மார்ச்சில் கொரோனா வந்து பரீட்சையே ரத்தானது. பரீட்சை போயிற்று, கொக்கி போகவில்லை.

ஆசிரியர்களே கிரேடு போடுங்கள் என்றார்கள். வகுப்பில் முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று வரிசைப்படுத்தியும் கேட்டார்கள். ஆசிரியர்கள் தாராளமாகத்தான் போட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். உடனே தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவாலுக்கு வயிற்றைக் கலக்கியது. கிரேடின் மானம் கப்பலேறிவிடுமே! ஆகவே பெரிய வகுப்பென்றால் ஆசிரியர் போட்ட கிரேடைக் குப்பையில் போட்டு, வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2017 முதல் 2019 வரை அதே பள்ளியில் படித்தவர்கள் வாங்கியதைப் பார்த்து, மாணவர்களின் பழைய மதிப்பெண்களால் லேசாகத் தட்டிக் கொட்டி, புது வரிசையின் மேல் கவிழ்த்தார்கள்.

27 பேர் படிக்கும் ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய 3 வருடமும் அங்கே யாரோ ஒருவர் கோட்டைவிட்டு 'யூ' வாங்கியிருக்கிறார். யூ என்றால் தேறவில்லை. ஆக, இந்த வருடமும் ஒரு யூ நாற்காலி தயார். உட்கார ஆள்தான் வேண்டும். வரிசையில் கடைசியில் இருக்கும் பெண்ணைப் பிடித்து அதில் உட்கார வைத்தாயிற்று. அவள் என்ன எழுதினாள்? ஒன்றும் எழுதவில்லை. அதுதானே வசதி! திருத்த ஆள் வேண்டாம், மறுகூட்டல் கேட்க விடைத்தாளும் இல்லை.

ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ படிக்கும் வகுப்பென்றால் மட்டும் ஆசிரியர் சொல்லே வேதவாக்கு. சின்ன எண்ணிக்கையில் கணக்கு சரிப்படாதாம். நியாயம்தான். கிரேக்கமும் லத்தீனும் நாலு பேருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எந்தப் பள்ளி? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அங்கே ஏ-யும் அதற்கு மேலும் வாங்கியவர் விகிதம் முந்தைய ஆண்டைவிட 4.7 புள்ளி ஏறியது. அரசுச் செலவில் நடக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளில் 0.3. கணிதத்துக்குக் கண்ணில்லை என்பார்கள். பையைத் தடவிப் பார்க்க மட்டும் கை இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 13, முடிவு வந்தது. ஆசிரியர் போட்ட கிரேடுகளில் 39.1 சதவீதம் கீழே இறங்கியிருந்தன. சிலருக்கு ஒரே அடியில் மூன்று படி. கிரேடு இறங்கியவர்களில் ஒரு பெண்ணின் கதையை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். மாணவர்களை வர்க்கம் பார்த்துப் பிரிக்கும் ஓர் அல்காரிதத்தைப் பற்றிக் கதை எழுதி, 2019இல் ஆர்வெல் இளையோர் பரிசு வாங்கியவள். அவளுடைய ஆங்கில கிரேடையே ஏ-யிலிருந்து பி-க்கு இறக்கிவிட்டது இயந்திரம். பரிசளித்த நடுவர்களைவிடக் கவனமாகப் படித்திருக்கிறது.

பிள்ளைகள் கல்வி அமைச்சகத்தின் வாசலுக்கே போய் அல்காரிதத்தைப் பார்த்துக் கத்தினார்கள். கத்திய வார்த்தையைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆஃப்குவாலில் மேல்முறையீட்டு விதிகளை 15ஆம் தேதி சனிக்கிழமை வெளியிட்டு, அன்று இரவே வாபஸ் வாங்கினார்கள். 17ஆம் தேதி முழுவதுமாகக் கவிழ்ந்தார்கள்: ஆசிரியர் கிரேடோ இயந்திர கிரேடோ, எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டு? நடுவே போன நாலு நாளில் எத்தனையோ இடங்கள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. "உனக்குத் தகுதி இருக்கிறதம்மா, இடம்தான் இல்லை, அடுத்த வருடம் வா" என்று சிலருக்குப் பதில் வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக் கேட்ட வசனம்.

முடிவுகள் நம்பகமானவை என்று 13ஆம் தேதி மெச்சிய பிரதமர் போரிஸ் ஜான்சன், 26ஆம் தேதி ஒரு பள்ளிக்குப் போய், எல்லாம் அந்தப் பிறழ்ந்துபோன அல்காரிதத்தின் வேலை என்று பிள்ளைகளிடமே கை காட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறோம், பிடித்த கையே குரங்கைப் பார்த்து "நீ யாரப்பா?" என்று கேட்டது அன்றுதான். ஆஃப்குவால் தலைவி விலகினார். அமைச்சகத்தின் தலைமை அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அமைச்சர் கேவின் வில்லியம்சன்? மேலும் ஒரு வருடத்துக்கு மேல் அதே நாற்காலி. 2022 மார்ச்சில் அவருக்கு 'சர்' பட்டம் அறிவித்தார்கள். அதற்குக் கொக்கி எதுவும் போடவில்லை. அவருடைய முந்தைய 3 வருட ரிசல்ட்டையும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.