சுப்பிரசெட்டியின் மகள், ஊர் யாழ்ப்பாணம்

1905 மார்ச் 13 இரவு, பாரிஸில் கீமே அருங்காட்சியகத்தின் நூலகத்தைக் கோயிலாக மாற்றியிருந்தார்கள். தூண்களுக்குப் பூச்சரம், நடுவே சிவன், சிவனுக்கு எதிரே ஒரு பெண். அவள் மேனியில் சுற்றியிருந்த மெல்லிய துணிகள் ஒவ்வொன்றாகச் சாமிக்குக் காணிக்கை ஆயின. மார்க்கச்சை மட்டும் கடைசிவரை காணிக்கைக் கணக்கில் சேரவில்லை. வந்திருந்த கனவான்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். சைவ சமயத்தின்மேல் பாரிஸுக்கு அப்படி ஒரு பக்தி அதற்கு முன் வந்ததில்லை.

ஆடியவர் பெயர் மாத்தா ஹரி. பூர்வீகம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னதாக வழங்கும் கதை இது: பிறந்தது தென்னிந்தியாவில், மலபார் கரையில், யாழ்ப்பாணம் என்னும் புண்ணிய நகரத்தில். பிராமணக் குடும்பம். அப்பா பெயர் சுப்பிரசெட்டி. பக்தி முற்றியதால் ஆசீர்வாதம் என்றும் அழைக்கப்பட்டார். அம்மா கந்தசாமி கோயிலின் முதல் ஆட்டக்காரி. பதினான்கு வயதில் இவரைப் பெற்ற அன்றே கண்ணை மூடிவிட்டாள். கோயில் குருக்கள்மார் குழந்தையை எடுத்து வளர்த்து, மாத்தா ஹரி என்று பெயரும் வைத்தார்கள்.

இந்தக் கதையைப் பாரிஸில் சொல்லலாம். எங்கள் ஊர் குடிபாலாவின் டீக்கடை பெஞ்சில் சொல்ல முடியாது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் எல்லையோரத்துச் சனங்கள் நாங்கள். “எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு, எந்தச் சாமி கும்பிடுவீங்க?” என்று மூன்று கேள்வி போட்டு ஆளின் ஏழு தலைமுறையையும் வெளியே எடுத்துவிடுவோம். செட்டி எப்போது ஐயரானார்? பக்தி முற்றினால் சுவாமிகள் என்பார்கள், சாதுக்கள் என்பார்கள்; ஆசீர்வாதம் என்றால் எங்கள் பக்கத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் அல்லவா? பஞ்சாங்கம் பார்த்துப் பெயர் வைக்கும் குருக்கள், மலாய்க்காரர் சூரியனைக் கூப்பிடும் பெயரை எங்கே போய்ப் பிடித்தார்? கந்தசாமிதான் வேண்டுமென்றால் திருத்தணி பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு அதுவும் எங்களோடு சென்னை மாகாணத்து வடாற்காடு ஜில்லாதான், தலைநகர் சித்தூர். கேட்டிருந்தால் நல்ல விலாசமாகக் கொடுத்திருப்போமே அம்மா!

மலபார் விஷயத்தில் மட்டும் அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாம். ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழரையும் மலபாரிகள் என்றுதான் எழுதினார்கள். அந்தப் பட்டணத்தை 1658-லிருந்து 1795 வரை ஆண்டது டச்சுக் கம்பெனி. ஆகவே இந்தப் புளுகுக்குப் பாஸ்போர்ட் கொடுத்த நாடு ஹாலந்து என்பது என் ஊகம். ஏனென்றால் கதை சொன்னவரும் அந்த நாட்டுக்காரரே.

நிஜப் பெயர் மார்கரெத்தா கெர்ட்ரூடா செல்லே. 1876-ல் லேவார்டன் நகரத்தில் பிறந்தவர். அப்பா ஆடம் செல்லே தொப்பிக் கடை வைத்துப் பிழைத்தார், 1889-ல் திவாலானார். பெண்ணுக்கு வரன் வந்தது பத்திரிகை விளம்பரத்தில்: கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து விடுப்பில் வந்த ருடால்ஃப் மக்லியோட் என்ற படைத் தலைவர் பெண் தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு 39, பெண்ணுக்கு 18. 1895-ல் கல்யாணம், 1897-ல் ஜாவா. மாப்பிள்ளை குடித்தார், அடித்தார். மகன் சின்ன வயதிலேயே இறந்துபோனான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1902-ல் ஊர் திரும்பியபோது கையில் காசு இல்லை. ஜாவாவில் பார்த்த ஆட்டங்களின் ஞாபகம் மட்டும் இருந்தது. பாரிஸில் சர்க்கஸ் குதிரை ஏறினார், ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். அப்புறம்தான் சுப்பிரசெட்டி கைகொடுத்தார்.

பிறகு ஒரே ஏறுமுகம். மாட்ரிட், மான்டி கார்லோ, வியன்னா. 1906-ல் மான்டி கார்லோவில் மாஸனேயின் ‘லாகூர் ராஜா’ ஓப்பராவில் ஆடினார். யாழ்ப்பாணத்துக்காரி லாகூருக்குப் போனதை யாரும் தூரம் கணக்குப் பார்க்கவில்லை. 1912 வாக்கில் மிலான் லா ஸ்காலா மேடையும் கிடைத்தது. அதற்குள் ஊரில் அப்பா செல்லே சும்மா இருப்பாரா? மகளைப் பற்றி 1906-ல் புத்தகமே போட்டு, குடும்பத்துக்கு ராஜ வம்சத்து உறவு கற்பித்தார். மகளுக்குப் புளுகு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. எழுத்தாளர் கொலெத் மட்டும், அம்மணிக்கு ஆடத் தெரியாது, அவிழ்க்கத் தெரியும் என்ற ரீதியில் எழுதி வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், கோயிலில் பொட்டுக் கட்டி, நட்டுவனாரிடம் அடி வாங்கி, வருஷக்கணக்கில் கற்றுக்கொண்ட பெண்களுக்கு அப்போது இங்கே கெட்ட காலம். 1893-லேயே சென்னையின் சீர்திருத்தக் கனவான்கள், சதிர்க் கச்சேரி நடக்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்று வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் மனுப் போட்டிருந்தார்கள். இங்கே அசலைத் துரத்திக்கொண்டிருந்தோம். அங்கே நகலுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது.

அசலை பாரிஸ் பார்க்காமலும் இல்லை. 1838-ல் தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தில்லம்மாள், அம்மணி முதலிய ஐந்து பேரை மூன்று வாத்தியக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றினார். ஐவரில் கடைக்குட்டி ஆறு வயதுச் சிறுமி. பாரிஸில் வாரியெத்தே அரங்கிலும் லண்டனில் அடெல்ஃபியிலும் ஆடினார்கள். கவிஞர் தியோஃபீல் கோத்தியே அம்மணியைப் பார்த்து உருகினார். சிற்பி ழான் ஓகுஸ்த் பார் அவருக்குச் சிலையே வடித்தார். ஆனால் மற்ற ரசிகர்களில் சிலருக்கு ஒரு மனக்குறை: ஓப்பராவில் மரீ தாக்லியோனி ஆடிக் காட்டிய கோயில் தாசி மாதிரி இவர்கள் இல்லையே! நிஜத் தாசிகள் போலித் தாசியைப் போல இல்லை என்பது புகார். தமிழச்சி வேஷத்துக்குத் தமிழச்சி இடைஞ்சல் என்று பாரிஸ் அன்றே முடிவு கட்டிவிட்டது. மார்கரெத்தா அந்த முடிவுக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தார்.

யுத்தம் வந்தது, மார்க்கெட் போயிற்று, வயது நாற்பதை எட்டியது. ஜெர்மானியர் மார்கரெத்தாவுக்கு எச்-21 என்று உளவு எண் கொடுத்தார்கள். பிரெஞ்சு உளவுத் தலைவர் லாது அவரைத் தன் பக்கம் வேலைக்கு எடுத்துவிட்டு, பிறகு தானே மாட்டிவிட்டார். ஐம்பதாயிரம் சிப்பாய்கள் சாவுக்கு அவரே காரணம் என்று குற்றம் சாட்டினார்கள். தளபதிகள் தோற்ற சண்டைகளுக்கு ஒரு ஆட்டக்காரி கிடைத்தது அவர்களுக்குச் சௌகரியம். 1917 அக்டோபர் 15 அன்று வென்செனில் சுட்டுக் கொன்றார்கள்.

ஹாலிவுட் விடுமா? 1931-ல் படம் எடுத்தது. அதில் சிவன் சிலைக்கு முன்னால் கிரேட்டா கார்போ நெளிந்து ஆடினார். அவர் ஸ்வீடன்காரர். தமிழச்சியாக நடித்த டச்சுக்காரியாக ஸ்வீடன்காரி நடிக்க, வசூல் அமோகம். திருவந்திபுரத்துக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.