நாக்கும் விலைச்சீட்டும்

கேள்வி: விலை கூடினால் சிவப்பு ஒயினின் சுவையும் கூடுமா?

பதில்: கூடும், விலையைத் தெரிந்துகொண்டு குடித்தால். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அது கூடுதலாகப் பிடித்தது. மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாகவே இயங்கியது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, விலையை மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைத்தேர்வுகளை அலசியது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்த ஒயின்கள் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன. பயிற்சி பெற்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. ரசனையை வளர்த்துக்கொள்வது செலவு வைக்கும் காரியம்.

கேள்வி: பயிற்சி பெற்றவர்கள் ஏமாறவே மாட்டார்களா?

பதில்: பிரான்சின் போர்தோவில், ஒயின் கலை படித்த 54 மாணவர்களிடம் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். சாயத்துக்கு மணம் கிடையாது.

கேள்வி: மலிவான ரெட் ஒயின் வாயை இழுத்துப் பிடிப்பது ஏன்?

பதில்: அதில் விலைக்குப் பங்கு குறைவு. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் உள்ள டானின்தான் காரணம். பாக்கு துவர்ப்பதும் டானினால்தான். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் நிறமும் துவர்ப்பும் ஒன்றாக இறங்குகின்றன. தடித்த தோலுள்ள காபர்னே சாவிஞோனில் துவர்ப்பு அதிகம். போஜொலே வட்டாரத்தின் காமே திராட்சையில் குறைவு. அந்த ஒயினைச் சற்றே குளிரவைத்தும் குடிக்கலாம். துவர்ப்பு பிடிக்காதவர் விலையை ஏற்றிக்கொண்டே போவதைவிடத் திராட்சையை மாற்றுவது மேல். இறைச்சியோடு சேர்த்தால் துவர்ப்பு அடங்கும்.

கேள்வி: குறைந்த விலையில் எங்கே தேடுவது?

பதில்: ஊர்ப்பெயருக்கும் சேர்த்துக் காசு வாங்காத இடங்களில். ஸ்பெயினின் கலத்தாயுத் பகுதி கார்னாச்சா, இத்தாலியின் மொன்தேபுல்சானோ தாப்ருட்சோ, அர்ஜெண்டினாவில் மெண்டோசாவின் மால்பெக் ஆகியவை கனிந்த பழச்சுவை விரும்புவோருக்கு ஏற்றவை. மிளகு, பச்சைக் குடைமிளகாய் வாடை பிடிக்குமென்றால் சிலியின் கார்மெனேர். சிலியில் பல காலம் இதை மெர்லோ திராட்சை என்றே நினைத்து வளர்த்துவந்தார்கள். 1994இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ வந்து இது வேறு என்று சொன்னார். மலிவில் பினோ நுவார் தேடுவோருக்குப் பொறுமை வேண்டும். வளர்க்கக் கடினமான திராட்சை. விலை இறங்கினால் சுவையும் நீர்த்துவிடுகிறது.

கேள்வி: புட்டியில் ‘ரிசெர்வா’ என்று போட்டிருப்பது வெறும் பகட்டா?

பதில்: எந்த நாட்டுப் புட்டி என்பதைப் பொறுத்தது. ஸ்பெயினின் ரியோகாவில் அது சட்டம். சிவப்பு ஒயின் ‘கிரியான்சா’ ஆக 2 ஆண்டு முதிர வேண்டும். ‘ரிசெர்வா’வுக்கு 3, ‘கிரான் ரிசெர்வா’வுக்கு 5. முதல் இரண்டுக்கும் அதில் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில் கழிய வேண்டும். சிலியில் அதே சொல்லுக்கு அத்தனை கண்டிப்பு இல்லை. பீப்பாய் தரும் வெனிலா, மரவாடை பிடிக்காதவருக்கு ரிசெர்வா வாங்குவது காசு கொடுத்து முகம் சுளிப்பது. பீப்பாய் காணாத இளம் ரியோகா விலையும் குறைவு, பழச்சுவையும் தெளிவு.

கேள்வி: மெர்லோ என்றால் ஏன் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்?

பதில்: 2004இல் வந்த ‘சைட்வேஸ்’ படத்தின் நாயகனுக்கு மெர்லோ என்றாலே ஆகாது. அவன் பொக்கிஷமாக வைத்திருந்து கடைசியில் குடிப்பது 1961ஆம் ஆண்டு ஷெவால் பிளான். அது மெர்லோவும் காபர்னே பிராங்கும் கலந்த ஒயின்.

கேள்வி: திருகு மூடி போட்டது மட்டமான சரக்கா?

பதில்: இல்லை. நியூசிலாந்தில் நல்ல ஒயின்களுக்கும் திருகு மூடிதான். தக்கை கெட்டால் ஒயினில் ஈர அட்டைப்பெட்டி வாடை ஏறும். திருகு மூடியில் அந்தத் தொல்லை அரிது. மீந்ததை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், மீதம் இருந்தால்.